அம்மாவின் குளிசையும் அடிவயிற்றுச் சக்கரமும்

வணக்கம் டொக்டர். நான் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். வயது 39. அம்மாவுக்கு 66. யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியையாக இருந்து இளைப்பாறியவர். அப்பா தவறிய பிறகு 2018இல் அவரை இங்கே எடுத்தோம். பிரஷருக்கு அம்லோடிபின் 5, தைரொயிட்டுக்கு தைரொக்சின் 100, இரண்டும் பத்து வருடத்துக்கு மேலாகப் போட்டு வந்தவர்.

போன கோடையில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் சில சீனத்து அம்மாமார் செய்யும் ஃபாலுன் கோங் பயிற்சியில் சேர்ந்தார். காசு ஒன்றும் வாங்குவதில்லை. முழங்கால் நோ குறைந்துவிட்டது, நல்ல நித்திரை வருகிறது என்றார். எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் இப்போது மூன்று கிழமையாக இரண்டு குளிசையையும் நிறுத்திவிட்டார். கேட்டால், "நோய் எண்டது பழைய வினை, தம்பி. அது இப்ப வெளியில போகுது. குளிசை போட்டா உள்ளுக்கே நிண்டிடும்" என்கிறார். இந்த இயக்கத்தைத் தொடங்கிய லி ஹொங்ஜி என்பவருடைய புத்தகத்தை இரண்டு முறை வாசித்து முடித்துவிட்டார்.

தேடிப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஒரு பக்கம், ஆட்களைச் சாகடிக்கும் மோசடிக் கூட்டம் என்கிறது சீன அரசாங்கம். மறுபக்கம், எங்களைப் பிடித்து அடித்துக் கொல்கிறார்கள் என்கிறார்கள் இவர்கள். சீன அரசின் வீடியோ ஒன்றை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு, "அவையளும் செத்தவையின்ர படத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டில நிக்கினம், எங்கட சனத்தைப் போல. நீ ஆற்றை பக்கம்?" என்று கேட்டார். எனக்கு வாயே திறக்க முடியவில்லை. இந்த லி யார்? மகானா, மோசடிக்காரரா? நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வேண்டாம், ஸ்காபரோ)

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் குளிசை. மதுரைக்காரனான நான் மாத்திரை என்றே எழுதிப் பழகியவன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்ததில் குளிசை என்றே வருகிறது. லி ஹொங்ஜி யார் என்பதைச் சற்றுப் பிறகு பார்ப்போம். அது ஒரு வாரம் காத்திருக்கும், அம்மாவின் தைராய்டு காத்திருக்காது.

தைராக்சின் மெதுவாக இறங்கும் மருந்து. உடம்பில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். நிறுத்திய முதல் வாரக் கடைசியில் பாதி, அடுத்த வாரம் கால், மூன்றாம் வாரம் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. அம்மா இப்போது அரைக்காலில் நிற்கிறார். இதில் ஒரு பொல்லாத விஷயம் இருக்கிறது. நிறுத்திய முதல் இரண்டு வாரமும் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. "விட்டுவிட்டேன், நன்றாகத்தானே இருக்கிறேன்" என்ற நம்பிக்கை கெட்டிப்படுவது அந்த நாட்களில்தான். உண்மையில் பழைய குளிசையின் கையிருப்பில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வரும்: சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், காலையில் முகம் ஊதியிருப்பது, பேச்சில் ஒரு மந்தம். குளிசை உள்ளே இருக்கும் காலத்தில் "பார்த்தாயா, தேவையே இல்லை" என்று தோன்றும். அது தீர்ந்து உடம்பு கெடத் தொடங்கும் காலத்தில் "வினை வெளியே போகிறது" என்று தோன்றும். நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் ஒரே முடிவுக்குக் கொண்டுபோகும் விளக்கம் இது. எனக்குப் பயம் அங்கேதான்.

அம்லோடிபின் அவ்வளவு நாள் தங்காது. ஒன்றிரண்டு நாளில் பாதியாகிவிடும். பத்து நாளில் உடம்பில் அதன் சுவடு இருக்காது. அம்மாவின் ரத்த அழுத்தம் இந்நேரம் பழைய இடத்துக்கே போயிருக்க வேண்டும், அவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான். ரத்த அழுத்தத்துக்கு வலி கிடையாது.

அதனால் இந்த வாரமே குடும்ப மருத்துவரிடம் ஒரு நேரம் வாங்கி, அழுத்தம் பார்த்து, தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இரண்டு மூன்றாகப் போடக் கூடாது. எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதை அவர் சொல்லட்டும். நெஞ்சு இறுக்கம், வாய் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, நாக்குக் குழறல் வந்தால் உடனே 911. அதே போல உடம்பு சில்லிட்டு, எழுப்பினாலும் எழாத தூக்கக் கலக்கம் வந்தாலும் 911தான். முற்றிய தைராய்டு குறைவில், குளிர் காலத்தில், வயதானவர்களுக்கு வரும் மயக்கம் அது. அபூர்வம்தான். என் முப்பத்தொரு வருடத்தில் இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன், இருவருமே மார்கழியில் கொடைக்கானல் மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரப்பட்டவர்கள். ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை. கொடைக்கானல் மார்கழியே அப்படியென்றால், உங்கள் ஊர் ஜனவரியை நினைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது லி ஹொங்ஜி.

வடகிழக்குச் சீனத்தின் ஜிலின் மாகாணத்தில் கோங்ஜுலிங் என்ற ஊரில் பிறந்தவர். பிறந்த தேதியிலேயே தகராறு இருக்கிறது. 1951 மே 13 என்கிறார் அவர். 1952 ஜூலை 7 என்கிறது அரசு. புத்தர் பிறந்தநாளோடு பொருந்துவதற்காக 1994இல் தேதியை மாற்றிக்கொண்டார் என்கிறது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் தப்பாகப் பதிந்ததைத் திருத்தினேன், நான் புத்தரென்று எப்போது சொன்னேன் என்பது அவர் பதில். நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் வைத்த பிறந்தநாளோடு ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர்! அந்தச் சண்டையில் நான் நேரம் செலவழிக்க மாட்டேன்.

இளமையில் வனக் காவல் பிரிவின் இசைக் குழுவில் டிரம்பெட் ஊதியிருக்கிறார். பிறகு சாங்சுன் நகரில் தானிய எண்ணெய் நிறுவனம் ஒன்றில் வேலை. நான்கு வயதிலேயே ஒரு பௌத்த ஆசானிடம் ரகசிய உபதேசம் பெற்றதாகவும், பிறகு தாவோ மரபு ஆசான்கள் வந்து கற்பித்ததாகவும் அவருடைய தொடக்கக் காலப் புத்தகங்களில் ஒரு வரலாறு அச்சாகியிருந்தது. பிந்தைய பதிப்புகளில் அது இல்லை.

1992 மே 13 அன்று சாங்சுனில் முதல் வகுப்பு. அந்த நேரம் எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அம்மா ஏன் போனார் என்பதும் புரியும். மூச்சையும் மெல்லிய உடலசைவையும் மனக்குவிப்பையும் சேர்த்துச் செய்யும் பயிற்சிகளுக்கு சிகோங் என்று பொதுப்பெயர் கொடுத்து, 1950களிலேயே ஆரோக்கிய நிலையங்களில் வைத்து வளர்த்தது கம்யூனிஸ்ட் அரசுதான். கலாசாரப் புரட்சியில் அது அடங்கிக் கிடந்தது. 1970களில் பெய்ஜிங் பூங்காக்களில் குவோ லின் என்ற பெண்மணி புற்றுநோயாளிகளுக்கு நடைப் பயிற்சி சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது திரும்பவும் எழுந்தது. 1980களில் அது நாடு முழுவதும் ஒரு மோகம். சீன ராக்கெட் திட்டத்தின் தந்தை என்று போற்றப்படும் சியான் சுவேசென் போன்ற விஞ்ஞானியே அதற்கு வக்காலத்து வாங்கினார்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அரசுத் தொழிற்சாலை வேலை என்றால் சம்பளம், வீடு, வைத்தியம் எல்லாம் சேர்ந்தது என்றிருந்த ஏற்பாடு உடையத் தொடங்கியது. வடகிழக்கின் பழைய ஆலை நகரங்களுக்கு அடி பலம். ஐம்பது வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு நெசவாலைப் பெண், மருத்துவச் செலவைக் கையிலிருந்து போட வேண்டிய நிலையில், விடியற்காலை பூங்காவில் காசில்லாமல் ஐந்து பயிற்சிகள் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போகாமல் என்ன செய்வார்? நான்கு பயிற்சிகள் நின்றபடி, ஒன்று சம்மணமிட்டு. அதோடு ஒரு கூட்டம், ஒரு நெறி. உண்மை, கருணை, பொறுமை என்று மூன்று சொற்கள். லியின் சாமர்த்தியம், அல்லது அருள் (எந்தச் சொல் வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்), இங்கேதான். மற்ற சிகோங் ஆசான்கள் நோய் தீர்ப்பதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்தார்கள். இவர், நோயைத் தீர்ப்பதல்ல நோக்கம், நல்ல மனிதனாக ஆகு, நோய் தானாகப் போகும் என்றார். தர்மசக்கரம் ஒன்றை ஆசானே உன் அடிவயிற்றில் பொருத்துவார், அது இருபத்துநான்கு மணி நேரமும் சுழலும் என்றார். ஃபாலுன் என்ற சொல்லுக்கே தர்மசக்கரம் என்றுதான் பொருள்.

1994 கடைசியில் நேரடி வகுப்புகளை நிறுத்திவிட்டு, ஒன்பது விரிவுரைகளைத் தொகுத்து 'ஜுவான் ஃபாலுன்' என்ற நூலாக்கினார். உங்கள் அம்மா இரண்டு முறை படித்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். 1995 ஜனவரியில் அதன் வெளியீட்டு விழா எங்கே நடந்தது தெரியுமா? பெய்ஜிங்கில், காவல் துறையை நடத்தும் பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அரங்கத்தில். நான்கே வருடத்தில் அதே அமைச்சகம் அவருக்குப் பிடிவாரண்டு போட்டது.

நடுவில் நடந்தது இது. 1996 மார்ச்சில் அரசின் சிகோங் சங்கத்திலிருந்து அவர் விலகினார். ஜூலையில் புத்தகங்களுக்குத் தடை. 1998இல் அவர் நியூயார்க்கில் குடியேறிவிட்டார். 1999 ஏப்ரலில் தியான்ஜின் நகரில் ஓர் இதழ் இயக்கத்தைத் தாக்கி எழுதியதற்கு எதிராகக் கூடியவர்களில் 45 பேர் கைதானார்கள். ஏப்ரல் 25 அன்று, ஆட்சித் தலைமை இருக்கும் சோங்நான்ஹாய் வளாகத்தைச் சுற்றிப் பத்தாயிரம் பேர் வந்து நின்றார்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை. பிரதமர் சூ ரோங்ஜி பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார், கூட்டம் கலைந்தது. கட்சித் தலைவர் ஜியாங் செமினுக்கு அந்த அமைதியே பயத்தைக் கொடுத்தது. தனக்குத் தெரியாமல், தன் கட்சிக்காரர்களும் ராணுவத்தாரும் உட்பட இத்தனை பேரை ஒரு மனிதரால் சேர்க்க முடிகிறதா! ஜூன் 10 அன்று தனி அலுவலகம் ஒன்று உருவானது; அந்தத் தேதியாலேயே அதற்கு 610 என்று பெயர். ஜூலை 20 இரவோடு கைதுகள், 22ஆம் தேதி தடை. லியைப் பிடித்துத் தரச் சொல்லிச் சீனா கேட்டபோது, இது அரசியல் வழக்கு என்று இன்டர்போல் மறுத்துவிட்டது.

அதன் பிறகு நடந்தது பற்றி அம்மா சொல்வது அடிப்படையில் சரி. விசாரணையின்றி உழைப்பு முகாம்கள், "மனம் மாறினேன்" என்று கையெழுத்து வாங்கும் வரை சித்திரவதை, காவலில் மரணங்கள். இயக்கத்தாரின் பிரசுரத்தில் மட்டும் வந்தவை அல்ல இவை, ஐ.நா. அறிக்கையாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்தவை. கைதிகளின் உறுப்புகள் எடுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு 2006 முதல் இருக்கிறது. ஜெஃப்ரி நைஸ் தலைமையில் லண்டனில் கூடிய, அரசு சாராத ஒரு தீர்ப்பாயம் 2019இல் அது நடந்தது என்றே முடிவு சொன்னது. சீனா மறுக்கிறது. நீங்கள் காட்டிய வீடியோவை எடுத்த தரப்பு, இந்த விஷயத்தில் வழக்காடுகிறவரே நீதிபதியாக உட்கார்ந்த தரப்பு. ஃபாலுன் கோங்கை நம்பி மருத்துவம் செய்யாமல் 1,400 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று அந்த அரசு ஒரு கணக்குச் சொல்கிறது. வெளியார் யாரும் போய்ச் சரிபார்க்க விடாத கணக்கை நான் மருத்துவச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது, நீ யாருடைய பக்கம் என்ற அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். "நீ ஆற்றை பக்கம்?" அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் நிற்கும் தாய்மாரைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா கடந்து போக முடியாது. டொராண்டோ செயின்ட் ஜார்ஜ் தெருவில் சீனத் துணைத் தூதரகத்துக்கு எதிரே வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் அம்மாவின் மனம் சாய்ந்ததில் எந்தத் தவறும் இல்லை. நீங்கள் அரசின் வீடியோவைப் போட்டபோது, அவர் காதில் விழுந்தது லியைப் பற்றிய விமர்சனம் அல்ல. அவருக்கு அது வேறு ஓர் அரசாங்கத்தின் வானொலியாகக் கேட்டிருக்கும்.

ஆனால் அடி வாங்கியவர்கள் என்பதாலேயே அவர்களுடைய ஆசான் தைராய்டைப் பற்றிச் சொன்னது சரியாகிவிடாது. அவர் தைராய்டைப் பற்றிச் சொன்னது தவறு என்பதால் அவர்களை அடிக்கலாம் என்றும் ஆகிவிடாது. ஒரு சனத்தின் துயரத்துக்காக அழுதுகொண்டே, அந்தச் சனத்தின் பெயரால் பேசியவர்கள் எடுத்த முடிவுகளோடு மல்லுக்கு நிற்பது எப்படியென்று யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றுக்கு மதுரைக்காரன் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அப்படியானால் அவர் நோயைப் பற்றி என்னதான் சொல்கிறார்? நானும் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். ஒரு நோயாளியின் மகள் கொண்டுவந்து கொடுத்து, சில வருடங்கள் ஆகின்றன. வினை என்பது கரிய நிறப் பொருள், புண்ணியம் வெண்ணிறப் பொருள், இரண்டும் உடம்பைச் சூழ்ந்திருக்கும். ஒருவன் உன்னை அடித்தால் அவனுடைய வெள்ளை உன்னிடம் வரும், உன் கறுப்பும் வெள்ளையாகும். (வினையை ஒட்டிக்கொள்ளும் பொருளாகவே பார்ப்பது நம் சமணர்களுக்கும் தெரிந்த பாதைதான். ஆனால் அவர்கள் அதை வைத்து மருந்தை விலக்கவில்லை, தானங்களில் ஒன்றாக மருந்தையும் வைத்தார்கள்.) நோய் என்பது அந்தக் கறுப்பின் வெளிப்பாடு. மருத்துவமனை மேலோட்டமாகத்தான் தீர்க்கும், மூலம் வேறொரு பரிமாணத்தில் இருக்கிறது. சாதாரண மனிதருக்கு மருத்துவம் சரி, மெய்யான சாதகருக்கு நோயே கிடையாது, இருப்பது கடன் தீர்வதன் அறிகுறி.

ஊசி போடப் போன சாதகர் ஒருவரின் கதையும் அதில் வருகிறது. ஊசி வளைந்ததாம், மாற்றிப் போட்டாலும் வளைந்ததாம், "அட, நான் சாதகனல்லவா" என்று அவருக்கு உறைத்ததாம். தம்பி, என் கையிலும் ஊசி வளைந்திருக்கிறது. பயந்த நோயாளி கையை வெடுக்கென்று இழுத்தால் வளையும். அவர்கள் யாருக்கும் ஞானம் வரவில்லை, எனக்கு மட்டும் தலைமைச் செவிலியரிடம் திட்டு விழுந்தது.

"மருந்து சாப்பிடாதே" என்று லி உத்தரவு போடவில்லை, அது அவரவர் முடிவு என்பதே இயக்கத்தின் நிலை. இது பொய்யில்லை. ஆனால் கணக்கு எப்படி வேலை செய்கிறது பாருங்கள். மருந்து சாப்பிடலாம், சாப்பிட்டால் நீ இன்னும் சாதாரண மனிதன். யாரும் தடுக்காத கதவுதான், தாண்டுகிறவர் தான் தோற்றதாக உணர்வார். பத்துப் பேர் கூடும் பூங்காவில், உங்கள் அம்மாவைப் போல வகுப்பில் முதல் மாணவியாகவே வாழ்ந்த ஒருவர், தேர்வில் தவறியவராக நிற்க விரும்புவாரா? தடை போட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பார்.

1998இல் குவாங்டோங்கில் 12,553 பயிற்சியாளர்களைக் கேட்டதில் 97.9 சதவீதம் பேருக்குப் பலன் இருந்தது என்று இயக்கத்தார் ஓர் ஆய்வைச் சொல்வார்கள். அம்மாவும் அதைச் சொல்லக்கூடும். பூங்காவில் இருப்பவர்களிடம் போய், பூங்கா பிடிக்கிறதா என்று கேட்ட கணக்கு அது. பலனில்லாமல் விட்டுப் போனவரும், படுத்துவிட்டவரும், இறந்துவிட்டவரும் அந்த 12,553இல் வரமாட்டார்கள். இதைக் கணித ஆசிரியைக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை, கேள்வியாகப் போட்டாலே போதும்.

முழங்கால் வலி குறைந்ததும் தூக்கம் வந்ததும் கற்பனை இல்லை. தினம் ஒரு மணி நேரம் மெதுவாக அசைந்து, ஆழ மூச்செடுத்து, நாலு பேரோடு நின்றால் அப்படித்தான் ஆகும். ரத்த அழுத்தம்கூடச் சில புள்ளிகள் இறங்கும். சுரக்காத தைராய்டு மட்டும் அதனால் சுரக்காது.

இன்றைய லியைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்வேன். எழுபது தாண்டியவர். நியூயார்க் மாநிலத்தில் டியர்பார்க் என்ற இடத்தில் டிராகன் ஸ்பிரிங்ஸ் என்ற பெரிய வளாகம் அவருடைய இயக்கத்தின் மையம். 2006இல் தொடங்கிய ஷென் யுன் நடனக் குழு அங்கேதான் பயில்கிறது. எப்போக் டைம்ஸ் பத்திரிகை அவருடைய சீடர்களுடையது. வேற்றுக்கிரகவாசிகள் மனித உடம்பைக் கைப்பற்ற விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தார்கள் என்று 1999இல் டைம் இதழுக்குப் பேட்டி கொடுத்தவர், கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி என்னால் திரும்பச் சொல்ல முடியாதவற்றைப் போதித்தவர். 2024இல் நியூயார்க் டைம்ஸ் அந்த நடனக் குழுவின் முன்னாள் கலைஞர்கள் பலரிடம் பேசி எழுதியது. அடிபட்ட கலைஞர்கள் மருத்துவரிடம் போகத் தயங்கவைக்கும் சூழல் அங்கே இருந்தது என்று அவர்கள் சொன்னார்கள். குழு அதை மறுத்தது. உங்கள் வீட்டு விஷயத்துக்கு எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிச் செய்திதான். மகானா மோசடிக்காரரா என்று கேட்டிருந்தீர்கள். தான் சொல்வதைத் தானே நம்புகிறவர் என்பது என் கணிப்பு. நோயாளி வீட்டுக்கு அதனால் ஆபத்து குறைவதில்லை.

அம்மாவிடம் பேசுவதற்கு முன் என் கதை ஒன்று. மருத்துவப் பயிற்சி முடித்த புதிதில், ஓர் அரசு மருத்துவமனையில், சர்க்கரை நோய்க்காரப் பெரியவர் ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டு ஏதோ ஒரு சாமியாரின் தீர்த்தம் குடித்துவந்தார். வார்டே கேட்கும்படி அந்தத் தீர்த்தத்தைக் கிண்டல் செய்தேன். பக்கத்துக் கட்டிலில் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. மறுநாள் அவர் கட்டில் காலியாக இருந்தது. எட்டு மாதம் கழித்துக் கால் விரல் கறுத்து வந்தார். என்னிடம் அல்ல, வேறொரு யூனிட்டுக்கு.

அதனால், வீடியோ காட்டியதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். "அவர்களுக்கு நடந்தது அநியாயம், நீங்கள் சொன்னது சரி" என்று முழு மனதோடு சொல்லுங்கள். உண்மை என்பதால்தான் சொல்லச் சொல்கிறேன், தந்திரத்துக்காக அல்ல. ஒரு நாள் விடியற்காலை அம்மாவோடு பூங்காவுக்குப் போங்கள். ஐந்து பயிற்சியையும் செய்யுங்கள், உங்கள் முதுகுக்கும் நல்லது. முடிந்தபின், வழிநடத்தும் அந்த அம்மையாரிடம் அம்மாவின் முன்னாலேயே கேளுங்கள்: "தைராய்டு குளிசை போடுவது பயிற்சிக்கு விரோதமா?" இல்லை, அது அவர் விருப்பம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வேறு பதில் வந்தால், எப்படிப்பட்ட இடத்தில் அம்மா நிற்கிறார் என்பது உங்கள் இருவருக்குமே தெரியும். கடும் நோயாளிகளை வகுப்பில் சேர்ப்பதில்லை என்று லி தன் புத்தகத்திலேயே சொல்கிறார். அந்தப் பக்கத்தை அம்மாவையே எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருங்கள். பிள்ளைகளுக்கு அதுதான் கஷ்டம்.

பிறகு ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். காலையும் மாலையும் ரத்த அழுத்தம் பார்த்து, எழுதி, கோடு வரையட்டும். ஏழு நாளுக்கொரு முறை பாதியாகும் தைராக்சின் வளைகோட்டை அவரையே வரையச் சொல்லுங்கள்; ஐந்தாம் வாரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று அவரே சொல்லட்டும். அந்த இயக்கத்தின் மூன்று சொற்களில் முதலாவது உண்மை. கொப்பியில் ஏறும் எண்ணையும் அதில் சேர்க்க அம்மாவுக்கு ஆட்சேபம் இருக்காது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். குளிசையைப் பொடித்துத் தேத்தண்ணியிலோ புட்டிலோ கலந்து கொடுக்கும் யோசனை யாராவது சொல்லியிருப்பார்கள், நம் வீடுகளில் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். தைராக்சின் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போனால்தான் சரியாகச் சேரும், பாலோடும் சாப்பாட்டோடும் ஒரு பகுதி வீணாகும். அது சின்னக் காரணம். புத்தி தெளிவாக இருக்கும் ஒரு தாய்க்குத் தெரியாமல் அவர் வாயில் மருந்து போடும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. கண்டுபிடித்துவிட்டார் என்றால், அதற்குப் பிறகு உங்கள் கையால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டார்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். 2018இலிருந்து போன கோடை வரை அம்மா பகலில் யாரோடு பேசினார்? நீங்கள் இருவரும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு. முப்பது வருடம் தினம் நாற்பது பிள்ளைகளின் சத்தத்தில் இருந்தவர். பாஷை தெரியாத சீனத்து அம்மாமார் அவருக்குக் கொடுத்ததை நீங்களும் கொஞ்சம் கொடுக்கப் பாருங்கள். பூங்காவை நிறுத்தச் சொல்லாதீர்கள். பனி விழுந்ததும் அவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று கேட்டு, முடிந்தால் வண்டியில் நீங்களே கொண்டுபோய் விடுங்கள். தைராய்டு குறைந்த உடம்போடு அவர் வெளியில் நிற்கக் கூடாது.

குளிசை திரும்பத் தொடங்கினால், ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். மறுபடி பாருங்கள். அந்த எண்ணை நீங்கள் எழுத வேண்டாம். அம்மாவையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், புத்தகத்தைப் பற்றி என்னோடு சண்டை இருந்தால் அதையும் சேர்த்து.